சுரம் தணிந்த பின்னர்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவனை அழைத்துச் செல்லவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். ஆதலின், இன்று பேச எடுத்துக்கொண்ட கொடிய நோயைச் சொல்லுமுன், நேயர்கள் எல்லாரும் அறிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்குகிறேன். அது பூஞ்சணம்.

மழைக்காலத்தில் ஊறுகாய்ச் சாடியின் விளிம்பிலும், நாள்பட்ட ரொட்டித் துண்டிலும், மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பலாப்பிஞ்சிலும் அதைப் பார்த்திருக்கிறீர்கள். நான் பணியாற்றிய பள்ளிகளில் ஆண்டுதோறும் ஒரு வகுப்பு இதற்கென்றே நடக்கும். ஈரமான ரொட்டித் துண்டின்மீது ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து வைப்போம். இரண்டு நாளில் வெண்பஞ்சு போன்ற இழைகள் படரும். அடுத்த இரண்டொரு நாளில் அந்தப் பஞ்சின்மேல் குண்டூசித் தலைகளைப்போலக் கருநிறப் புள்ளிகள் தோன்றும். அவை விதைத்தூள் நிறைந்த பைகள். பை வெடித்தால் ஆயிரக்கணக்கான வித்துக்கள் காற்றில் கலக்கும். இதற்கு ரைசோபஸ் என்று பெயர் என்பதைப் பிள்ளைகள் படம் வரைந்து பாகம் குறிப்பார்கள்.

இந்த ரொட்டிப் பூஞ்சணம் மனித உடலின் வெப்பத்தில் நன்கு வளராது. ஆயின் அதன் உறவினன் ஒருவன் இருக்கிறான். ரைசோபஸ் அரைசஸ் என்பது அவன் பெயர். மண்ணிலும், எருக்குவியலிலும், அழுகும் காய்கறியிலும் வாழ்பவன். நமது உடற்சூடு அவனுக்கு ஒரு தடையே அன்று. அவனுடைய வித்துக்களை நாம் நாள்தோறும் மூச்சோடு உள்ளே இழுக்கிறோம். மூக்கின் சளி அவற்றைப் பிடித்து வெளியேற்றுகிறது. தப்பி உள்ளே செல்வனவற்றை இரத்தத்தின் வெள்ளணுக்கள் விழுங்கி அழிக்கின்றன. இந்தக் காவல் நம் பிறப்பிலிருந்து ஓயாமல் நடைபெறுகின்றது. காவல் தளரும்போதுதான் அப்படி ஒன்று இருந்ததே நமக்குத் தெரிகின்றது.

இந்த இனப் பூஞ்சணம் மனித உடலுள் புகுந்து உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை 1885ஆம் ஆண்டில் பால்டாஃப் என்னும் அறிஞர் விளக்கமாக எழுதினார். நோயின் பெயர் மியூகோர்மைகோசிஸ். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, மேல்நாடுகளில் இது அரிதாகக் காணும் நோயாகவே இருந்தது. நம் நாட்டு மருத்துவர்களுக்கு அவ்வளவு அரிதன்று. கட்டுக்குள் வராத நீரிழிவு உடையவர்களிடம் இதைக் கண்டு, அறுத்து, மருந்து கொடுத்துப் பழகியவர்கள் பெரிய மருத்துவமனைகளில் முன்பே இருந்தார்கள்.

பிறகு 2021ஆம் ஆண்டு வந்தது. கொரோனாவின் இரண்டாம் அலை ஏப்ரல், மே மாதங்களில் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த வேளையில், சுரம் தணிந்து பிழைத்தோம் என்று பெருமூச்சுவிட்ட மனிதர்கள் ஒரு பக்க முகம் வீங்கி, கண் பிதுங்கி, மீண்டும் மருத்துவமனை வாயிலில் வந்து நின்றார்கள். மே 20ஆம் நாள் தமிழ்நாடு அரசு, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் இதனை அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கியது. அதாவது, எந்த மருத்துவர் இந்நோயைக் கண்டாலும் அரசுக்குத் தெரிவித்தாகவேண்டும். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பெற்ற கணக்கின்படி, நாடு முழுவதும் 45,000க்கு மேற்பட்டோர் இந்நோயால் பீடிக்கப்பட்டிருந்தனர். 4,300க்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர்.

செய்தித்தாள்கள் இதற்குக் 'கருப்புப் பூஞ்சை' என்று பெயரிட்டன. பெயர் நிலைத்துவிட்டது, இனி மாற்ற இயலாது. எனினும் அது பொருந்தாத பெயர். திசுவினுள் படரும்போது இப்பூஞ்சணம் கருப்பன்று. அது இரத்தக் குழாய்களின் சுவரைத் துளைத்து உட்புகுகின்றது. உள்ளே குருதி உறைந்து குழாய் அடைபடுகின்றது. அடைபட்ட குழாய்க்கு அப்பாலுள்ள சதை உணவும் பிராணவாயுவும் இன்றி இறந்து கருகுகின்றது. நாம் காணும் கருமை இறந்த சதையின் கருமை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் நான் சொல்லப்போகும் மருத்துவ முறை முழுவதும் விளங்கும்.

கொரோனாவுக்குப் பின் இது ஏன் வந்தது? இதற்குப் பதில் பல இழைகள் சேர்ந்து திரிந்த ஒரு கயிறு. முதல் இழை சருக்கரை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவு உடையோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள். இரத்தத்தில் சருக்கரை மிகும்போது வெள்ளணுக்கள் சோம்பிவிடுகின்றன. பூஞ்சணத்தை நோக்கி விரைந்து செல்வதும் அதைக் கொல்வதும் அவற்றால் முடிவதில்லை. சருக்கரை இன்னும் மிஞ்சி இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறினால் வேறொரு கேடு விளைகின்றது. நம் இரத்தத்தில் உள்ள இரும்புச்சத்தை டிரான்ஸ்ஃபெரின் என்னும் ஒரு புரதம் இறுகப் பிடித்து வைத்திருக்கும். நல்ல இல்லத்தரசி அரிசிப் பானையை மூடி வைப்பதுபோல என்று கொள்ளுங்கள். அமிலம் ஏறும்போது அந்தப் பிடி தளர்கின்றது. இரும்பு விடுபடுகின்றது. இந்தப் பூஞ்சண இனமோ இரும்புக்கு அலைவது. இரும்பு கிடைத்தால் பெருகும், கிடைக்காவிட்டால் மெலியும். மூடி திறந்த பானையில் எலி விழுந்த கதையாகிவிடுகின்றது.

இரண்டாம் இழை ஸ்டீராய்டு என்னும் மருந்து. இதைப் பற்றி நியாயமாகப் பேசவேண்டும்; ஏனெனில் 2021இல் சிலர் இதைக் கண்மூடித்தனமாக விழுங்கினார்கள், பிறகு வேறு சிலர் கண்மூடித்தனமாகத் தூற்றினார்கள். 2020 ஜூன் மாதத்தில் இங்கிலாந்தில் நடந்த 'ரெகவரி' என்னும் பெரிய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. டெக்ஸாமெத்தசோன் என்னும் விலைமலிந்த பழைய மருந்தை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், பத்து நாளுக்கு மிகாமல் கொடுத்ததில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த நோயாளரின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், பிராணவாயு பெற்றுவந்தோரின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. பல்லாயிரம் உயிர்களைக் காத்த செய்தி அது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்லியிருந்தது: பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு இம்மருந்தால் பயனில்லை. முதற்பாதி ஊரெங்கும் பரவிற்று. பின்பாதியை எத்தனை பேர் கேட்டார்கள்? உடலின் காவற்படையைத் தூங்கவைப்பதும், இரத்தச் சருக்கரையை ஏற்றிவிடுவதும் ஸ்டீராய்டின் இயல்பான செயல்கள். படை கலகம் செய்து சொந்த நுரையீரலையே தாக்கும் நேரத்தில் அதைத் தூங்கவைப்பது வைத்தியம். அமைதியாகக் காவல் காத்து நிற்கும் படையைத் தூங்கவைப்பது என்ன என்பதை நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் இழை வைரசே. அது இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றது. சிலருக்குச் சருக்கரையையும் உயர்த்துகின்றது. 2020ஆம் ஆண்டின் இறுதி நான்கு மாதங்களில், அதாவது இரண்டாம் அலைக்கு முன்பே, நம் நாட்டின் 16 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. மொத்தம் 287 மியூகோர்மைகோசிஸ் நோயாளர். அவருள் 187 பேர் கொரோனாவை ஒட்டி இந்நோய்க்கு ஆளானவர்கள். பன்னிரண்டு வாரங்களுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 46 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை மணி முன்னரே அடித்திருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இவ்வளவும் நூல்வழி அறிவு. இந்நோயை நான் அருகிருந்து கண்டது என் தம்பியிடம். அவனுக்கு அப்போது வயது 58; பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உண்டு வந்தவன். மே மாதத் தொடக்கத்தில் கொரோனா கண்டது. இலேசான சுரம், இருமல், நாவில் சுவையின்மை, அவ்வளவுதான். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி ஒருநாளும் 95க்குக் கீழே காட்டவில்லை. மருத்துவமனைகளில் இடமில்லாத காலம் அது. தெரிந்தவர் ஒருவர் தமக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்த மருந்துச் சீட்டைக் கைப்பேசியில் படமாக அனுப்பினார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. மருந்துக்கடைக்காரர் எதுவும் கேளாமல் கொடுத்தார். உண்ட மறுநாளே தம்பிக்குத் தெம்பு வந்தது, பசி வந்தது, உற்சாகம்கூட வந்தது. இம்மருந்தின் மாயம் அது; மனத்துக்கு ஒரு பொய்யான நலத்தைக் காட்டும். ஐந்து நாள் சீட்டை அவன் மூன்று வாரத்துக்கு நீட்டிக்கொண்டான். சருக்கரையை இடையில் யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் மாலை தொலைபேசியில், "அண்ணா, இடது கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. மேல்பல் ஒன்று ஆடுகிறது. பல்லை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் அல்லவா?" என்று கேட்டான். மறுநாள் காலை பல் மருத்துவரிடம் போனோம். அந்த இளைஞர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பாய்ச்சினார். பல்லை அவர் தொடவே இல்லை. மேலண்ணத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவில் சாம்பல் நிறத் திட்டு ஒன்று இருந்தது. "ஐயா, வீட்டுக்குப் போகாமல் இப்படியே மாவட்ட மருத்துவமனைக்குப் போங்கள்" என்றார். கட்டணமும் வாங்கவில்லை. அன்று நண்பகலில் தம்பியின் இரத்தச் சருக்கரை 430.

நேயர்கள் ஒரு நிமிடம் எழுதுகோலை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். வைரஸ் சுரம் கண்டு தேறிவருபவர், அதிலும் நீரிழிவு உடையவர் அல்லது ஸ்டீராய்டு உண்டவர், கவனிக்கவேண்டிய குறிகள் இவை: முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வலி, வீக்கம் அல்லது மரத்துப்போதல், ஒரு மூக்குத்துளை அடைப்பு, மூக்கிலிருந்து கருமையாகவோ குருதி கலந்தோ வரும் சளி, காரணமின்றி மேல்வரிசைப் பல் ஆடுதல், இமை சரிதல், ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல். 'ஒரு பக்கம்' என்னும் சொல்லை அடிக்கோடிடுங்கள். சாதாரணச் சளி இரண்டு பக்கத்தையும் பிடிக்கும். சுரம் இல்லையே என்று ஏமாறக் கூடாது. இந்நோயில் சுரம் இல்லாமலும் இருக்கும். இவற்றில் ஒன்று தோன்றினாலும் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அன்றே போகவேண்டும். நாளைக்கு என்பது இந்நோயில் நீண்ட காலம். மூக்கிலிருந்து கண்குழிக்கும், கண்குழியிலிருந்து மூளைக்கும் அது செல்ல எடுத்துக்கொள்வது சில நாட்களே.

நோயைக் காண்பது எப்படி? மூக்கினுள் சிறு குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்க்கிறார்கள். ஐயத்துக்குரிய இடத்திலிருந்து துணுக்குச் சதையை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரக் கரைசலில் இட்டு நுண்பெருக்கியின்கீழ் வைக்கிறார்கள். சதை கரைந்து பூஞ்சண இழை மட்டும் நிற்கும். அகன்று நாடாபோல் இருந்து, குறுக்குச் சுவர்கள் மிகக் குறைவாக, செங்கோணத்தில் கிளைத்திருந்தால் அது மியூகோர் இனம். மெல்லியதாக, குறுக்குச் சுவர்களோடு, கூர்ங்கோணத்தில் கிளைத்திருந்தால் பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் வேறு இனம். பள்ளிப் பிள்ளைகள் கோணமானி கொண்டு அளக்கும் கோணங்கள் ஒரு மனிதனின் உயிர் நிலையை அறிவிப்பதைக் கண்டு நான் வியந்து நின்றேன். இவ்விரண்டையும் பிரித்தறிவது வெறும் ஆராய்ச்சிக்காக அன்று. ஆஸ்பர்ஜில்லசுக்குக் கண்கண்ட மருந்தான வோரிகோனசோல், மியூகோர் இனத்தை ஒன்றும் செய்யாது. இதன்பின் காந்த அதிர்வுப் படம் எடுத்து, நோய் எங்குவரை பரவியுள்ளது என்று எல்லை காண்கிறார்கள்.

இனி மருத்துவம். முதற்பணி, இன்சுலின் கொண்டு சருக்கரையை இறக்குதல். ஸ்டீராய்டை மருத்துவர் கணக்கிட்டுக் குறைத்தல் அல்லது நிறுத்துதல். இரண்டாவது அறுவை. இதில்தான் குடும்பங்கள் தயங்குகின்றன, நாங்களும் தயங்கினோம். "மருந்து ஏற்றுகிறீர்களே, சில நாள் பொறுத்துப் பார்க்கக் கூடாதா?" என்று தம்பி மனைவி அழுதபடி கேட்டாள். அந்த மருத்துவ அம்மையார் ஒரு காகிதத்தை எடுத்து ஓர் ஆறும் இரு கால்வாய்களும் வரைந்தார்கள். "மருந்து இரத்தத்தில்தான் போகிறது, அம்மா. இந்தக் கால்வாய் அடைபட்டுவிட்டது. இதற்கு அப்பால் நாங்கள் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் போய்ச் சேராது. பூஞ்சணம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது" என்றார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின்முன் நின்ற நான், அதைவிடத் தெளிவான ஒரு பாடத்தைக் கேட்டதில்லை. இறந்த சதையை, உயிருள்ள, குருதி கசியும் சதை தென்படும்வரை அகற்றியாகவேண்டும். இடது மேல்தாடையின் பெரும்பகுதியை முதல் அறுவையில் எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் கண்குழியின் உள்ளும் நோய் தெரிந்தது. பார்வை முன்னமே போயிருந்தது. கண்ணை எடுப்பதற்கான தாளில் கையொப்பம் இடும் பொறுப்பு என்மீது விழுந்தது. தம்பி மனைவி எழுதுகோலை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கையொப்பமிட்டேன். அது வேண்டியிருந்தது என்றே இன்றும் கருதுகிறேன்.

மூன்றாவது, மருந்து. ஆம்போடெரிசின் பி என்பது அதன் பெயர். தென் அமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டு ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950களில் பிரித்தெடுக்கப்பட்டது. அமிலத்தோடும் காரத்தோடும் ஒருங்கே வினைபுரியும் இயல்பால் அதற்கு அப்பெயர் வந்தது. மண்ணில் பிறந்த நோய்க்கு மண்ணிலேயே மருந்து! பூஞ்சணத்தின் உறையில் எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்புப்பொருள் உண்டு. மருந்து அதைப் பற்றி உறையில் ஓட்டையிடுகின்றது. நம்முடைய உயிரணுக்களின் உறையில் உள்ள கொலஸ்டிராலும் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரனைப் போன்றது. ஆகவே மருந்து ஓரளவு நம்மையும் கடிக்கின்றது. குளிர்நடுக்கம், சுரம், வாந்தி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீரகத்துக்குக் கேடு, பொட்டாசியம் என்னும் உப்பு வெளியேறிப் போதல் எனத் தொல்லைகள் பல. நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்டு ஒருநாள் இரத்தம் எடுத்துக் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்ப்பது இதற்காகவே. பொட்டாசியம் மிகத் தாழ்ந்தால் இதயத்தின் தாளம் பிசகும். நோயாளியின் அருகில் இருப்பவர்கள், உள்ளே சென்ற நீர் எவ்வளவு, வெளிவந்த சிறுநீர் எவ்வளவு என்று எழுதி வைப்பது செவிலியருக்குப் பேருதவி. நான் வருகைப் பதிவேடு போலக் கோடு போட்டு ஒரு நோட்டில் எழுதினேன்.

இங்கே ஒரு சிறு செய்தி. சருக்கரை நோயாளிக்கு டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில், அதாவது சருக்கரை நீர், தொங்குவதைக் கண்டு தம்பி மனைவி பதறிச் செவிலியைத் தடுத்தாள். நியாயமான பதற்றம். ஆனால் இம்மருந்தை உப்பு நீரில் கலந்தால் திரிந்து படிந்துவிடும். சருக்கரை நீரில்தான் கலக்கவேண்டும். அதற்கு ஈடாக இன்சுலினைக் கூட்டிக்கொள்வார்கள். சிறுநீரகத்தைக் காப்பதற்கு உப்பு நீரைத் தனியே ஏற்றுவார்கள். இதை முன்கூட்டி ஒருவர் சொல்லியிருந்தால் அந்த இரவு அவள் உறங்கியிருப்பாள்.

சிறுநீரகக் கேட்டைக் குறைப்பதற்காக மருந்தை நுண்ணிய கொழுப்புருண்டைகளில் பொதிந்து செய்யும் வகைக்கு லிப்போசோமல் என்று பெயர். அது சிறந்தது, விலையும் மிகுதி. 2021 மே, ஜூன் மாதங்களில் இதற்கு நாடெங்கும் பஞ்சம் உண்டாயிற்று. பஞ்சம் ஏன் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்பது தொடக்க அளவு; மூளையைத் தொட்டால் 10 வரை போகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம். ஒரு குப்பியில் இருப்பது 50. ஆக, நாளுக்கு ஆறு குப்பி. மூன்று வாரத்துக்கு 126 குப்பி, ஒரே ஆளுக்கு! ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்கென்று அளந்து செய்த பொருளைச் சில வாரங்களில் பல்லாயிரம் பேர் கேட்டால் எந்தத் தொழிற்சாலைதான் ஈடுகொடுக்கும்? கிடைக்காத நாட்களில் பழைய வகை ஆம்போடெரிசினையே, சிறுநீரகத்தை விழிப்போடு கண்காணித்துக்கொண்டு, எங்கள் மருத்துவமனையில் கொடுத்தார்கள். பெயர் உயர்ந்த மருந்துக்காகக் காத்திருப்பதைவிட, கையில் இருப்பதை உடனே தொடங்குவது மேல் என்பது அவர்கள் கொள்கை. அது சரியான கொள்கை. ஊசி மருந்து முடிந்தபின் போசகோனசோல் அல்லது இசவுகோனசோல் மாத்திரைகள் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை தொடரும்.

இந்நோயைச் சுற்றிப் பரவிய கதைகளுக்குக் குறைவில்லை. குளிர்பெட்டியில் வைத்த வெங்காயத்தின் மேல்தோலில் காணும் கரும்பொடிதான் இந்தப் பூஞ்சை என்று ஒரு வதந்தி கிளம்பி, பல வீடுகளில் வெங்காயம் குப்பைக்குப் போயிற்று. அக்கரும்பொடி ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் என்னும் வேறொரு பூஞ்சணம்; கழுவித் தோலை உரித்தால் தீர்ந்தது. வெங்காயமாவது உயிரற்ற பொருள். தொற்றுமோ என்று அஞ்சி, வீடு திரும்பிய நோயாளியைத் திண்ணையில் படுக்கவைத்த குடும்பத்தை நான் அறிவேன். மியூகோர்மைகோசிஸ் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அவரோடு உண்ணலாம், உறங்கலாம், பேரக்குழந்தையை மடியில் வைக்கலாம். ஆனால் ஒன்று: தேறிவருபவர் தோட்டமண் கிளறுதல், எருக்குவியல் புரட்டுதல், பழைய வீடு இடித்தல் போன்ற தூசி எழும் வேலைகளைச் சிலகாலம் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க இயலாதவர் முகக்கவசம் அணியவேண்டும்.

கொரோனா ஒன்றுக்குப் பின்தான் பூஞ்சணம் வருமென்றும் எண்ணவேண்டா. இன்ஃபுளுவன்சா என்னும் சளிச்சுரம் முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு, நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் படர்வதைப் பல ஆண்டுகளாக மருத்துவர்கள் கண்டுவருகிறார்கள். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் 2009 முதல் 2016 வரை அவ்வாறு சேர்ந்த 432 பேரை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரையில், அவருள் நூற்றுக்கு 19 பேருக்கு இப்படி நேர்ந்தது என்று கண்டார்கள். வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவரை உரித்துவிடுகின்றது. வித்து விழுவதற்கு உழுத நிலம் கிடைத்துவிடுகின்றது. ஆதலால், சுரத்தின் பெயர் எதுவாயினும், தேறிவரும் நாட்களில் சருக்கரையை அளந்து பார்ப்பதும், ஸ்டீராய்டை எழுதிக்கொடுத்த அளவுக்கும் நாளுக்கும் மேல் உண்ணாதிருப்பதும் வேண்டும். இதுவரை நீரிழிவு இல்லாதவரும் ஸ்டீராய்டு உண்ணும் நாட்களில் சருக்கரையைப் பார்க்கவேண்டும். ஒளிந்திருந்த நீரிழிவு அப்போது வெளிப்படுவதுண்டு.

கடைசியாக, பிழைத்தவர்களைப் பற்றி. மேலண்ணத்தை இழந்தவர் நீர் குடித்தால் மூக்கு வழியே வரும். பேசினால் சொல் விளங்காது. தம்பி இரண்டு மாதம் சிலேட்டில் எழுதித்தான் பேசினான். அதன்பின் பல் மருத்துவக் கல்லூரியில் அவன் வாய்க்கு அச்செடுத்து, பற்களோடு கூடிய ஓர் அண்ணத் தகட்டைச் செய்து பொருத்தினார்கள். பொருத்திய அன்றே ஒரு தம்ளர் மோரைச் சிந்தாமல் குடித்தான். சொற்கள் மெல்ல மெல்லத் திரும்பின. 'ட'கரமும் 'ற'கரமும் நெடுநாள் வாரா. நாங்கள் இருவரும் காலையில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு, தொடக்கப் பள்ளியில் செய்வதுபோல, ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தோம். அந்தத் தகட்டை இரவில் கழற்றிக் கழுவி நீரில் இட்டு வைக்கவேண்டும். புண் ஆறிச் சதை சுருங்கச் சுருங்கத் தகடு தளரும். அப்போது மீண்டும் அளவெடுத்துச் சரிசெய்யவேண்டும். தளர்ந்த தகட்டைப் பஞ்சு வைத்து இறுக்குவோர் இருக்கின்றனர். அந்தப் பஞ்சு புண்ணை அழுகச் செய்யும். நோய் மீளுகின்றதா என்று பார்க்க, குழாய்க் கருவிச் சோதனைக்கு முதலில் அடிக்கடியும் பின்னர் இடைவெளிவிட்டும் வரச் சொல்வார்கள். வலி இல்லை என்பதற்காக இந்த நாட்களைத் தவறவிடக் கூடாது. தம்பியின் நாட்காட்டியில் அவை சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்கும். அடுத்த வட்டம் வரும் வியாழக்கிழமை.